அந்தோனியாருக்கு நேர்ந்துவிட்ட புறாக்கள்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. குறிகட்டுவான் துறையில் தவறான படகில் ஏறி, நெடுந்தீவுக்குப் பதிலாக நயினாதீவில் இறங்கினேன்.
2. மறுநாள் சரியான படகில் ஏறினேன். நெபுலைசர் பெட்டி நனையாதிருக்க அதற்கு என் மழைக்கோட்டைப் போர்த்திவிட்டு நான் நனைந்தேன்.
3. றீற்றா அக்காவிடம் நிறையக் கேள்விகள் கேட்டேன். எல்லாவற்றுக்கும் அவர் உண்மையைத்தான் சொன்னார்.
4. செவ்வாய்க்கிழமை, அந்த உண்மை போதாது என்று தெரிந்தது.
5. பாதரைப் பார்க்கப் போனோம்.
6. திரும்பும் படகில் என் மடியில் ஒரு மீன்கூடை இருந்தது. கூடைக்குள் மீன் இல்லை.

சென்னையில் ஓர் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். நோயாளிகளின் நுரையீரலைக் கழுவியெடுத்த திரவம் சிறு குப்பிகளில் எங்களிடம் வரும். அதில் சைட்டோகைன்கள் எவ்வளவு இருக்கின்றன என்று அளப்பது என் வேலை. சைட்டோகைன் என்பது நோயெதிர்ப்பு உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் தூது. கண்ணுக்குத் தெரியாத சிறு புரதம். தட்டிலுள்ள குழிகளில் திரவத்தை விட்டு, சேர்க்க வேண்டியதைச் சேர்த்தால், தூது அதிகமுள்ள குழி மஞ்சளாகும். எத்தனையோ பேரை எனக்கு மஞ்சளாகத்தான் தெரியும்.

பக்கத்து மேசையில் இருப்பவள் எமல்டா. நெடுந்தீவுக்காரி. யாழ்ப்பாணத்தில் எனக்கொரு பயிற்சி இருப்பது தெரிந்ததும் நெபுலைசர் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். அவளுடைய அக்கா றீற்றாவுக்கு ஒரு வருடத்துக்கும் மேலாக முட்டு, அதாவது மூச்சிழுப்பு. இந்த இயந்திரம் மருந்தை ஆவியாக்கித் தரும். "நீ நேரில பாத்துச் சொல்லு. அக்கா ஃபோனில எப்பவும் சிரிச்சுக்கொண்டுதான் கதைப்பா" என்றாள்.

குறிகட்டுவானில் யாழ்ப்பாண பஸ் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் சாலை இல்லை, கடல்தான். அதுவரை வந்த வழியிலும் இரு பக்கமும் கடலே. முழங்கால் ஆழத்துக்கு மேல் போகாத, அசையாத நீர். அதன் நடுவே மண்மேடாக ஒரு சாலை, அதன்மேல் பஸ், பஸ்ஸுக்குள் பெருஞ்சத்தத்தில் பாட்டு. ராமேஸ்வரம் பாலத்தில் ரயிலில் போயிருக்கிறேன். அங்கே கடலுக்கு மேலே போகிறோம் என்று தெரியும். இங்கே கடலோடு சமமாகப் போகிறோம். நாரைகள் ஜன்னல் மட்டத்தில் நின்றன.

துறையில் இரண்டு வரிசைகள். நீளமானதுதான் நெடுந்தீவுக்கு என்று நானே முடிவு செய்துகொண்டேன். படகு கிளம்பிய சற்று நேரத்தில் கோபுரம் ஒன்று நீரிலிருந்து எழுந்து வந்தது. பக்கத்திலிருந்தவரிடம், "நெடுந்தீவில் இவ்வளவு பெரிய கோயிலா?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நெடுந்தீவோ? பிள்ளை, இது நயினாதீவு. அம்மாளாச்சி கூப்பிட்டிருக்கிறா, போய்க் கும்பிட்டிட்டு வாரும். நெடுந்தீவு வள்ளம் இனி நாளைக்குத்தான்."

கும்பிட்டேன். அன்னதானத்தில் பருப்பு, பூசணிக்காய், நல்ல உறைப்பான ரசம். எதிரே புத்த விகாரைக்கு வந்த சிங்களக் குடும்பம் ஒன்று அமர்ந்திருந்தது. அந்த அம்மா என் பெட்டியைக் காட்டி ஏதோ கேட்க, மகள் தமிழில் சொன்னாள்: "அம்மா கேக்கிறாங்க, கோயிலுக்கு எதுக்கு ரைஸ் குக்கர்?" மூச்சுக்கான இயந்திரம் என்றேன். மகள் சொல்லச்சொல்ல அந்த அம்மாவின் முகம் மாறியது. தன் பையிலிருந்து ஒரு தாமரை மொட்டை எடுத்துப் பெட்டியின் மேல் வைத்தார். மறுநாள் படகிலும் அது வாடாமல் இருந்தது.

மறுநாள் படகைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சிமெண்ட் மூட்டை, கோழித்தீனி, ஒரு மோட்டார் சைக்கிள், இவற்றுக்கு நடுவே மனிதர்கள். கரை மறைந்ததும் அலை உள்ளே வந்தது. என் பக்கத்திலிருந்த பெண் எந்தச் சலனமுமில்லாமல் பனங்கிழங்கு உரித்துத் தின்றுகொண்டிருந்தார். எனக்கும் ஒன்று நீட்டினார். "வயித்தைப் பிரட்டினால் இதைச் சப்பும். சத்தி வந்தாலும் சாப்பிட்டதுக்குக் கணக்கு" என்றார். சத்தி என்றால் வாந்தி என்பதை மட்டும் வேகமாகக் கற்றுக்கொண்டேன்.

துறையில் காத்திருந்தவர் றீற்றா அக்காவின் கணவர் மரியதாஸ். கடற்றொழில் செய்பவர். கயிற்றால் கதவு கட்டிய ஓட்டோவோடு வந்திருந்தார்.

"இந்தியாவில இருந்தோ? உங்கட ஆக்கள் றோலர் வள்ளங்களில வந்து எங்கட கடலை வழிச்சுக்கொண்டு போறாங்கள். நீர் ஒருத்தியெண்டாலும் ஏதோ கொண்டு வந்திருக்கிறீர். ஏறும்!"

தண்டவாளத்தை விட்டிறங்கிய ரயில் போலக் குலுங்கியது அந்த ஓட்டோ. வழிநெடுக வேலிகள் பவளப்பாறைக் கற்களை வெறுமனே அடுக்கி வைத்தவை. சுண்ணாம்பு, சிமெண்ட் எதுவுமில்லை. ஒவ்வொரு கல்லிலும் பூ வடிவம், மூளை வடிவம், தேன்கூட்டு வடிவம். கடலுக்கடியில் உயிரோடிருந்தவை இப்போது ஆடுகளைத் தடுத்துக்கொண்டு நிற்கின்றன. அவற்றுக்கப்பால் வெட்டவெளியில் குதிரைகள் மேய்ந்தன, யாருக்கும் சொந்தமில்லாத குதிரைகள். ஓட்டோவை நிறுத்தச் சொல்லி வெகுநேரம் பார்த்தேன்.

றீற்றா அக்கா வாசலில் நின்றார். மெலிந்த, உயரமான பெண். சிரிப்பு எமல்டாவுடையதே. "வாரும் தங்கச்சி. படகு நல்லா ஆட்டினதோ? முகம் பச்சையாக் கிடக்கு." படியேறும்போது ஒரு கையைத் தூணில் வைத்து, சொல்லாமல் ஒரு கணம் நின்றார். பிறகுதான் ஏறினார். அதைக் கவனித்தேன்.

இடியப்பம், சொதி, இறால் குழம்பு. எங்கள் வீட்டில் இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பால் இனிப்பாக இருக்கும். இங்கே அதே பால் மஞ்சளும் மிளகாயும் எலுமிச்சையும் கலந்து சொதியாக வருகிறது. மூன்று தடவை ஊற்றிக்கொண்டேன். பிறகு என் கேள்விப் பட்டியலை எடுத்தேன்.

குசினியில், அதாவது சமையலறையில், விறகா? ஓம், பனைமட்டையும் பனங்கொட்டை ஊமலும். வீட்டில் யாராவது புகைப்பார்களா? "இவர் கடலில பீடி குடிப்பார், கரையில என்னட்டப் பேச்சு வாங்கேலாது." கருவாடு காயவைப்பது? பக்கத்து வளவில். வீட்டில் பிராணி, பறவை ஏதாவது வளர்க்கிறீர்களா?

"இல்லைத் தங்கச்சி. நாய் ஒண்டு நிண்டது, செத்துப்போச்சு. ஆடு மச்சாளின்ர. ஆஸ்பத்திரியிலயும் இதைத்தான் கேட்டவை."

கூரையில் புறாக்கள் நடக்கும் சத்தம் கேட்டது. வரும் வழியில் பார்த்த பல கூரைகளிலும் புறாக்கள் இருந்தன. நான் அடுத்த கேள்விக்குப் போனேன்.

அவர் சொன்னவற்றில் ஒன்று மட்டும் மனதில் நின்றது. யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தால் மூச்சு நன்றாகிவிடும். நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, காரைநகரில் நாத்தனார் வீட்டில் தங்கியபோதும் ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்தால் திரும்பவும் வரும். "ஆஸ்பத்திரிச் சோறுதான் எனக்கு ஒத்துவருது போல" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாக முடிந்தது. நெபுலைசர் வைத்தோம். ஆவி வந்தது, மருந்து மணத்தது, மரியதாஸ் அண்ணை பெருமையோடு பார்த்தார். பெரிய மாற்றம் தெரியவில்லை. குசினிப் புகைதான் காரணம் என்று எனக்குள் கிட்டத்தட்ட முடிவு செய்திருந்தேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. காலையில் மரியதாஸ் அண்ணை தீவைச் சுற்றிக் காட்டினார். நான்கைந்து பேர் உள்ளே நிற்கக்கூடிய பொந்துள்ள பெருக்கமரம். பிறகு ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு: கல்லாலான சிறு கோபுரம், மேலே சுவர் முழுக்கப் பொந்துகள். புறாக்களின் காலில் செய்தி கட்டி அனுப்புவார்களாம். சொல்லப்படும் செய்தி சரியா தவறா என்று புறாவுக்குத் தெரியாது. அது பறக்கும், அவ்வளவுதான். என் ஆய்வகத்துத் தூதுகளும் அப்படித்தான் என்று நினைத்தேன். படம் எடுத்தேன்.

மதியம் வீடு திரும்பியபோது றீற்றா அக்கா கிணற்றடியில் தலையிலிருந்த தூசைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்ன அக்கா, வீடு கூட்டினீர்களா?"

"கூடு துப்பரவாக்கினனான்."

"என்ன கூடு?"

"புறாக்கூடு. செவ்வாய் அந்தோனியாற்றை நாளெல்லே."

குசினிக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். பழைய மீன்பெட்டிகளை அடுக்கிக் கூரைவரை கட்டிய கூடு. அதன் வாசல் குசினி ஜன்னலுக்கு நேரே. காய்ந்த எச்சம் சுரண்டிக் குவித்திருந்தது. வெயில் கற்றையில் வெள்ளைத் தூசு இன்னும் அடங்காமல் மிதந்தது. புறா எச்சத்தின் தூசு சிலரின் நுரையீரலைப் புண்ணாக்கும் என்று படித்திருக்கிறேன்.

"பறவை எதுவும் வளர்க்கவில்லை என்றீர்களே?"

"வளர்க்கேல்லையே!" அவருக்கு உண்மையாகவே வியப்பு. "உதுகள் எங்கட இல்லைத் தங்கச்சி. அந்தோனியாற்றை. நேர்ந்துவிட்டது."

மரியதாஸ் அண்ணை விளக்கினார். இரண்டு வருடத்துக்கு முன் மாரியில் அக்காவுக்கு நிமோனியா. அப்போது அக்கா ஒரு சோடிப் புறாவைப் புனித அந்தோனியாருக்கு நேர்ந்தார். ஆனி மாதத் திருநாளில் கோயிலில் கொண்டுபோய்க் கொடுப்பது, அங்கே ஏலம் விடுவார்கள். அக்கா பிழைத்தார். கொடுத்தார்கள். அடுத்த வருடத்துக்கு நன்றியாக இன்னொரு சோடி. அதன் பிறகுதான் இந்த முட்டு தொடங்கியது. முட்டு வந்தபோது ஒரு சோடி கூட்டினார். கூடியபோது இன்னும் ஒரு சோடி. திருநாளில் கொடுத்தது போகவும், புறாக்கள் தங்கள் பங்குக்குக் குஞ்சு பொரித்துக் கூட்டை நிறைத்தன. நேர்ந்தவரேதான் கூட்டைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று, உபவாசமிருந்து, ஒவ்வொரு செவ்வாயும் அக்காவே செய்கிறார்.

டாக்டர்கள் கேட்டபோதும் இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அந்தோனியாருடையதை எங்களுடையது என்று எப்படிச் சொல்வது?

எங்கள் ஆய்வகத்துக்குத் திரவக் குப்பிகளை அனுப்பும் நுரையீரல் மருத்துவரைச் சென்னையில் அழைத்தேன். அவர் முழுதாகக் கேட்டுவிட்டு, "எப்போது சுத்தம் செய்தார்?" என்றார். காலை என்றேன். "அப்படியானால் சாயங்காலம் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வரலாம். வந்தால் உடனே அங்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஆக்சிஜன் வேண்டியிருக்கும். இனி அவர் அந்தக் கூட்டுப்பக்கம் போகக்கூடாது. யாழ்ப்பாணத்தில் நெஞ்சு நோய் கிளினிக்கில் முதல் வாக்கியமாகப் புறா என்று சொல்லுங்கள். தொடர்ந்து நடந்தால் நுரையீரல் தழும்பாகிவிடும். தழும்பு திரும்பாது."

அந்தப் பிற்பகலை நான் மறக்கப்போவதில்லை. அக்காவைக் கூட்டிலிருந்து தள்ளி, முன்பக்க வேம்படியில் கதிரை போட்டு உட்காரவைத்தேன். அவர் நன்றாகத்தான் இருந்தார். எங்களுக்கான கறிக்கு நண்டு உடைத்தார். எமல்டா சின்ன வயதில் குதிரை மேல் ஏறப்போய் விழுந்த கதையைச் சொன்னார். "நீர் ஏன் என்னைப் பிள்ளைப்பெத்தவளைப் பாக்கிற மாதிரிப் பாக்கிறீர்?" என்று கேலி செய்தார்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது அவரை அல்ல, உள்ளே நடப்பதை. ஒவ்வாமை ஆஸ்துமா என்றால் தூசு பட்ட சில நிமிடங்களில் இழுக்கும். இது அப்படி அல்ல. இதற்கு நேரம் வேண்டும். மூச்சோடு போன தூசு, நுரையீரலின் கடைசி அறைகளை, திராட்சைக் குலை போன்ற அந்தக் காற்றுப்பைகளை, அடைந்திருக்கும். அவற்றின் சுவர் ஒரே ஓர் உயிரணு அளவு மெல்லியது. அங்கே காவலிருக்கும் பெரிய உயிரணுக்கள் தூசை விழுங்கியிருக்கும். இது முன்பே பழகிய, பழகி வெறுத்த தூசு. அவை சும்மா இருக்காது. தூது அனுப்ப வேண்டும். ஆனால் தூது தயாராகக் கையில் இல்லை; மரபணு திறக்கப்பட்டு, படியெடுக்கப்பட்டு, புரதமாகக் கோக்கப்பட்டு வெளியேற வேண்டும். அக்கா நண்டுக்காலை உடைத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அந்த வேலை நடந்துகொண்டிருந்தது.

ஒரு தூது இரத்தக்குழாயின் சுவரைத் தளர்த்தும். இன்னொன்று, வெள்ளணுக்களே இங்கே வாருங்கள் என்று அழைக்கும். இன்னொன்று இரத்தத்தில் ஏறி மூளைக்குப் போய்க் காய்ச்சலை மூட்டும். வந்தவர்களும் தங்கள் பங்குக்குத் தூது அனுப்புவார்கள். கூப்பிடுபவர் தொகை கூடும், வருபவர் தொகை கூடும். சுவர் வீங்கும், நீர் கசியும், காற்று நுழைய இடமிருக்காது. அவ்வளவு பேரும் வந்தது காப்பாற்றத்தான். எதிரி வெறும் தூசு. குலைந்துபோவது வீடு.

இதை ஆயிரம் தடவை மஞ்சள் குழிகளாக அளந்திருக்கிறேன். ஒரு வேம்பின் கீழ், நண்டு வாசனையோடு, அது வரும் நேரம் பார்த்துக் காத்திருந்தது அதுவே முதல் தடவை. அது இவ்வளவு ஒழுங்காக, இவ்வளவு அமைதியாக நடக்கும் என்பதில் எனக்கு ஏற்பட்டது பயம் மட்டுமல்ல. பெரிய கோயிலுக்குள் நுழையும்போது குரல் தானாகத் தாழுமே, அது.

வெயில் சாயத் தொடங்கியபோது அக்கா சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துப் போர்த்தினார். "குளிருது" என்றார். பிறகு பேச்சு நின்றது. பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மூச்சு வந்தது. மரியதாஸ் அண்ணை செபமாலையை எடுத்தார். "இன்னொரு சோடி நேர்ந்துவிடுறன், அந்தோனியாரே" என்று அவர் வாய்விட்டுச் சொன்னது எனக்குக் கேட்டது.

"அண்ணை, ஓட்டோவை எடுங்கள்" என்றேன்.

தீவின் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் கொடுத்தார்கள். புறா என்று முதல் வாக்கியமாகச் சொன்னேன். கடமையிலிருந்த மருத்துவர் என்னைப் பார்த்தார், பிறகு மரியதாஸ் அண்ணையைப் பார்த்தார், எழுதிக்கொண்டார். காலையில் அக்காவுக்கு மூச்சு ஓரளவு சீரானது. பாணும் சம்பலும் கேட்டார்.

புதன்கிழமை முழுவதும் வாக்குவாதம். மரியதாஸ் அண்ணைக்கு நான் சொன்னது விளங்கியது. விளங்கினாலும் ஏலாது என்றார். "நேர்ந்ததைத் திருநாளுக்கு முதல் எடுக்கேலாது. அவருக்குச் சொன்னது ஆனியில எண்டு. சொல்லு மாறினால் அவர் என்ன நினைப்பார்?"

ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்திருந்த றீற்றா அக்கா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "ஆனிக்கு நான் இருந்தால்தானே, மனுசா."

அவர் சிரிக்காமல் பேசியதை நான் கேட்டது அப்போது மட்டும்தான். அண்ணை எழுந்து ஓட்டோவை எடுக்கப் போனார்.

பாதர் கோயில் முற்றத்தில் வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். மரியதாஸ் அண்ணை தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். பாதர் குழாயைக் கீழே போட்டார்.

"மரியதாஸ், அந்தோனியார் ஆர்? துலைஞ்ச சாமானைத் தேடித் தாற ஆள். நீ மனுசியின்ர மூச்சைத் துலைச்சுப்போட்டு அவருக்குப் புறா குடுக்கிறாய். அந்த மனுசன் பாவம், எதையெண்டு தேடுறது?"

அண்ணை அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. பாதரே தொடர்ந்தார்: "எல்லாத்தையும் நாளைக்கே குடுத்துவிடு, அவருக்குச் சேர்ந்த கணக்கு. ஆனா இஞ்ச வேண்டாம். இஞ்ச விட்டால் பின்னேரம் உன்ர வீட்டிலதான் நிக்குங்கள். ஊர்காவற்றுறையில அந்தோனியார் கோயிலுக்கு ஒரு கடிதம் தாறன்."

வியாழக்கிழமைப் படகில் புறாக்கள் மீன்கூடைகளில் வந்தன. பிடித்ததும் கட்டியதும் மரியதாஸ் அண்ணையும் அவருடைய கூட்டாளிகளும், மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு. றீற்றா அக்கா படகின் முன்பக்கத்தில், காற்று வரும் திசையில், கூடைகள் பின்பக்கத்தில். கடைசிக் கூடைக்கு இடமில்லாமல் என் மடிக்கு வந்தது. நடுக்கடலில் கூடைக்குள்ளிருந்து ஒரு சிவப்புக் கண் என்னைப் பார்த்தது. அதன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

குறிகட்டுவானில் பஸ் கண்டக்டர் வழிமறித்தார். "மீனெண்டால் ஏத்தலாம். இது என்ன, குறுகுறுக்குது?"

"அந்தோனியாற்றை" என்றார் மரியதாஸ் அண்ணை.

கண்டக்டர் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். "அப்ப அவருக்கு ரிக்கற் போடேலாது. ஏத்துங்கோ."

புறாக்களை அண்ணை ஊர்காவற்றுறையில் ஒப்படைத்தார். நானும் அக்காவும் யாழ்ப்பாணம் கிளினிக்குக்குப் போனோம். வாசலிலேயே அக்கா தானாகவே சொன்னார்: "டொக்ரர், எங்கட வீட்டில புறா இருந்தது." எங்கட என்று சொல்லும்போது சற்றுத் தயங்கி, மேலே பார்த்து, மன்னிப்புக் கேட்பதுபோல் ஒரு சிலுவை போட்டுக்கொண்டார்.

இப்போதைய நிலை இது. ஸ்கேனில் அழற்சி தெரிகிறது. தழும்பு விழுந்திருக்கிறதா என்று அடுத்த ஸ்கேனில்தான் சொல்ல முடியும் என்கிறார்கள். மாத்திரை எடுக்கிறார். நெபுலைசர் காரைநகரில் நாத்தனார் வீட்டு அலுமாரிக்கு மேல் இருக்கிறது; தேவைப்படவில்லை. அக்கா அங்கேதான் தங்கியிருக்கிறார். கிணற்றுப் படியில் நிற்காமல் ஏறுகிறாராம், எமல்டா சொன்னாள். நெடுந்தீவில் மரியதாஸ் அண்ணை கூட்டைப் பிரித்து எரித்துவிட்டார், குசினிச் சுவரைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்கிறார். ஊர்காவற்றுறையில் ஏலம் போன புறாக்களில் இரண்டு, கடலைக் கடந்து, கூடு இருந்த இடத்துக்குத் திரும்பி வந்திருக்கின்றன. றீற்றா அக்கா இன்னும் வரவில்லை.